சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்

மாதத்துக்கு ரெண்டு பேராவது கேட்டுவிடுகிறார்கள். பிளஸ் டூ முடித்த பையன், இல்லை பெண், சில சமயம் அவர்களுடைய அப்பா. "அண்ணே, நீங்க அமெரிக்காவுல ஃபிலிம் படிச்சீங்களாமே, எப்படி இருந்துச்சு, கேமரா எல்லாம் கையில குடுப்பாங்களா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. அதனால் ஒரே தடவையாக இங்கே எழுதிப் போட்டுவிடுகிறேன்.

கேமரா கேள்விக்குப் பதில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேர்ந்து இரண்டரை வருடம் வரைக்கும் நான் கேமராவைத் தொடவே இல்லை. இதைக் கேட்டதும் பாதிப் பேர் "சரிண்ணே, தேங்க்ஸ்" என்று கிளம்பிவிடுவார்கள். அவர்கள் கிளம்புவது சரிதான். கேமராதான் வேண்டுமென்றால் அதற்குத் தரமணியில் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் இருக்கிறது, சென்னையில் விஸ்காம் இருக்கிறது, ஃபோன் இருக்கிறது. கடல் தாண்டிப் போக வேண்டிய அவசியம் இல்லை.

நான் போனது ஒஹையோவில் ஒரு சின்னக் கல்லூரி. பெயர் வேண்டாம், போகிற போக்கில் கொஞ்சம் திட்டவும் போகிறேன். சுற்றிலும் சோளக்காடு, மொத்தமே இரண்டாயிரம் மாணவர்கள், முனைவர் பட்டமெல்லாம் கிடையாது, இளங்கலை மட்டும். லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ் என்றால் நம் ஊர் கலை அறிவியல் கல்லூரி மாதிரி என்று நினைத்துக்கொண்டுதான் நானும் போனேன். நம் ஊரில் பி.ஏ. ஆங்கிலம் என்றால் சேர்ந்த அன்றைக்கே நீங்கள் ஆங்கிலத் துறை ஆள். அங்கே அப்படி இல்லை. நான்கு வருடத்தில் முப்பத்திரண்டு பாடம், அதில் உங்கள் துறைக்குரியது பத்தோ பதினொன்றோ. மற்றதெல்லாம் அங்கே ஒன்று இங்கே ஒன்று: ஆய்வகத்தோடு ஒரு அறிவியல், ஒரு வெளிநாட்டு மொழி, வரலாறு, தத்துவம் என்று மேய்ந்துகொண்டே இருக்க வேண்டும். எந்தத் துறை என்பதை இரண்டாம் வருடக் கடைசியில் சொன்னால் போதும். 2010 ஆகஸ்ட்டில் சேர்ந்த நான் 2012 வசந்தத்தில்தான் ஒரு தாளில் 'சினிமா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தத் தாளைப் பற்றி வீட்டில் சொன்னது இன்னொரு கதை. அந்த வருடங்களில் இந்த மாதிரிக் கல்லூரியில் சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஐம்பதாயிரம் டாலர் வரை வரும். எனக்குப் பெரும்பகுதியை உதவித்தொகையாகக் கல்லூரியே கொடுத்ததால்தான் திருமங்கலத்துக்காரன் அங்கே போக முடிந்தது. அப்பா பொருளாதாரம் படிக்கிறேன் என்றே நம்பிக்கொண்டிருந்தார். ஃபோனில் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அங்க போயி சினிமாவாடா? இங்க தியேட்டர்ல பாத்தது பத்தலையா?" என்றார். அம்மா சமாளித்துவிட்டார். சொந்தக்காரர்களிடம் 'மீடியா படிக்கிறான்' என்று சொல்லி வைத்தார். இன்றுவரை என் பெரியம்மாவுக்கு நான் ஏதோ டிவி சேனலில் வேலை பார்க்கிறேன் என்றுதான் எண்ணம்.

இனி வகுப்புக்கு வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி ஏழு மணிக்குப் படம் போடுவார்கள். வருகைப் பதிவு உண்டு, லேப்டாப்பில் பார்த்துக்கொள்கிறேன் என்றால் நடக்காது. புதன்கிழமை காலையில் வகுப்பு. பதினாலு பேர், வட்டமாக உட்காருவோம். ஆசிரியைக்கு அறுபது வயதிருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்பார். நாக்கு எழவில்லை, கடைசிவரை 'புரொஃபசர்' என்றே ஓட்டினேன். நான் முன்பெஞ்சுக்காரன், நிறையப் படம் பார்த்தவன் என்ற மிதப்பு வேறு. முதல் வகுப்பிலேயே கையைத் தூக்கி, இந்தப் படம் வர்க்க முரண்பாட்டைப் பேசுகிறது, மனிதனின் தனிமையைக் காட்டுகிறது என்று நீட்டி முழக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சரி. திரையில் என்ன இருந்தது?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கதை தெரியும், யார் யாருக்கு என்ன ஆனது என்று தெரியும். ஆனால் கேமரா எங்கே இருந்தது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது, ஷாட் எப்போது மாறியது என்று எதுவுமே கண்ணில் பதியவில்லை. அந்தப் படம் ஜெர்மன் இயக்குநர் முர்னாவ் 1924இல் எடுத்த தி லாஸ்ட் லாஃப். பெரிய ஹோட்டல் வாசலில் பளபள சீருடையில் நிற்கும் கிழவரை வயதாகிவிட்டது என்று கழிப்பறை வேலைக்கு இறக்கிவிடுகிறார்கள், அவ்வளவுதான் கதை. மௌனப்படம், ஆனால் மௌனப்படத்தில் நடுநடுவே வருமே எழுத்து அட்டை, அதுவும் கிட்டத்தட்டக் கிடையாது, கடைசிப் பகுதிக்கு முன்னால் ஒன்றே ஒன்று வரும். ஆரம்பத்தில் கேமரா லிஃப்ட்டில் இறங்கிவந்து, கதவு திறந்ததும் ஹோட்டல் முன்கூடத்தில் நடக்கிற மாதிரி போய்ச் சுழல்கதவு வரைக்கும் போகும். இதற்காகக் கேமராவை சைக்கிளில் வைத்து ஓட்டினார்கள் என்பதெல்லாம் பிறகு படித்தது. அன்றைக்கு எனக்கு லிஃப்ட் வந்ததே ஞாபகமில்லை.

அப்புறம் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். உனக்குப் பிடித்த ஏதாவது ஒரு பேசும்படத்தில் மூன்று நிமிடம் எடுத்துக்கொள், சத்தத்தை அணைத்துவிட்டுப் பார், ஒவ்வொரு ஷாட்டையும் எழுது. எத்தனை விநாடி, எவ்வளவு தூரத்திலிருந்து, கேமரா அசைகிறதா, யார் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள். கருத்து எதுவும் எழுதக் கூடாது. 'அழகாக' என்ற சொல்லுக்குக்கூடத் தடை.

நான் ஒரு தமிழ்ப் படத்தை எடுத்துக்கொண்டேன். நூறு தடவையாவது பார்த்த படம், சண்டைக்கு முந்தைய வாக்குவாதக் காட்சி. சத்தத்தை அணைத்தேன். ஐந்தாவது விநாடியில் பார்த்தால் என் வாய் தானாக வசனத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது! மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன். மறுபடியும் வசனம். உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாலும் மண்டைக்குள் ஓடுகிறது. மூன்று நிமிடத்தை எழுதி முடிக்க எனக்கு ஒன்பது நாள் ஆனது. வகுப்பில் மற்றவர்கள் எல்லாரும் ஒரு வாரயிறுதியில் முடித்திருந்தார்கள்.

ஏன் என்று அப்போது புரியவில்லை, பின்னால் யோசித்தபோதுதான் புரிந்தது. நான் படம் பார்த்து வளர்ந்தவன் இல்லை. படம் கேட்டு வளர்ந்தவன்.

எங்கள் பாட்டி ஊர் உசிலம்பட்டிப் பக்கம். பாட்டி தியேட்டருக்குப் போனது வாழ்க்கையில் பத்து தடவை இருந்தால் அதிகம். ஆனால் பராசக்தி நீதிமன்றக் காட்சியை ஒரு சொல் பிசகாமல் சொல்லும். ரேடியோவில் ஒலிச்சித்திரம் போடுவார்கள், முழுப்படத்தையும் சத்தமாக மட்டும் வெட்டி ஒட்டி ஒரு மணி நேரத்துக்குள், நடுவில் ஒரு குரல் வந்து 'இப்போது கதாநாயகன் வீட்டை விட்டு வெளியேறுகிறான்' என்கிற மாதிரி எடுத்துக்கொடுக்கும். அது போக ஊர்த் திருவிழா. பங்குனிப் பொங்கலுக்கு மைக்செட்காரர் வந்து வேப்பமரத்தில் குழாயைக் கட்டினால் மூன்று நாளைக்குத் திருவிளையாடல்தான். தருமி புலம்புவது, நக்கீரன் எரிவது எல்லாம் கண்மாய் தாண்டி அடுத்த ஊர் வரைக்கும் கேட்கும். அந்தப் படத்தை நான் கண்ணால் பார்த்தது பத்தாம் வகுப்பில். 1965இல் வந்த படம், எனக்கு வசனம் தெரிந்தது ஐந்து வயதில். பார்த்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. என் மண்டைக்குள் இருந்த தருமி இன்னும் ஒல்லி.

ஆக, 'திரையில் என்ன இருந்தது' என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாததற்கு ஒரு பரம்பரையே காரணமாக இருந்திருக்கிறது. இதை அப்போது அந்த ஆசிரியையிடம் சொல்ல எனக்கு ஆங்கிலம் வரவில்லை. 'வசனம்' என்பதற்கு 'டயலாக்' என்று சொன்னால் அதில் பாதிகூட வராது.

இரண்டரை வருடம் கழித்து, 2013 ஜனவரியில், ஒருவழியாகக் கேமரா கைக்கு வந்தது. போலெக்ஸ். பதினாறு எம்.எம். ஃபிலிம் கேமரா, பேட்டரி கிடையாது, கடிகாரம் மாதிரி சாவி கொடுக்க வேண்டும். முழுக்க முறுக்கினாலும் ஒரே மூச்சில் அரை நிமிடம்கூட ஓடாது. கறுப்பு வெள்ளை ட்ரை-எக்ஸ் ரிவர்சல் சுருள், நூறு அடி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அடிக்கு நாற்பது ஃபிரேம், மொத்தம் நாலாயிரம், விநாடிக்கு இருபத்துநாலு என்றால் இரண்டு நிமிடம் நாற்பத்தாறு விநாடி. ஒரு செமஸ்டருக்கு ஒரு ஆளுக்கு மூன்று சுருள். அவ்வளவுதான் உங்கள் சினிமா. ஆளாளுக்கு ஃபோனில் மணிக்கணக்கில் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் இது எதற்கு என்று முணுமுணுத்தோம். கேமராவில் சத்தமும் பதிவாகாது, அதுவே கர்ரென்று தையல் மிஷின் மாதிரி சத்தம் போடும்.

முதல் சுருளுக்கு நான் என்ன எடுப்பேன்? மதுரைப் பக்கத்து ஆள், வெளியே முழங்கால் அளவுக்குப் பனி. பனியைத்தான் எடுத்தேன். ரூம்மேட்டைச் சிவப்புக் கோட்டோடு (கறுப்பு வெள்ளை என்பதே மறந்துவிட்டது) மைதானத்தில் நிற்கவைத்து, வெளிச்சத்தை அளக்கிற லைட் மீட்டரைப் பனியை நோக்கி நீட்டி, அது சொன்ன எண்ணை அப்படியே லென்ஸில் வைத்தேன். விரல் விறைத்துப் போனது. சாவி கொடுக்க கையுறையைக் கழற்ற வேண்டும், கழற்றினால் உலோகம் தோலைப் பிடித்துக்கொள்ளும். அப்படிக் கஷ்டப்பட்டு எடுத்து, லேபுக்குத் தபாலில் அனுப்பி, இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்த சுருளைப் புரொஜெக்டரில் மாட்டினால் பனி வெள்ளையாகவே இல்லை. நனைந்த சிமெண்ட் நிறம். அதன் நடுவில் ரூம்மேட் என்று ஒரு கரிக்கட்டை.

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. ஆசிரியர், இவர் வேறு ஆசிரியர், இளவயதுக்காரர், சொன்னார்: மீட்டருக்குப் பனி தெரியாது. அது எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைக்கும். பனியைக் காட்டினால் 'ஐயோ இவ்வளவு வெளிச்சமா' என்று குறைக்கச் சொல்லும், நீதான் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) கூட்டித் திறக்க வேண்டும். ரிவர்சல் ஃபிலிம் என்பதால் நெகட்டிவும் இல்லை, எடுத்ததுதான் படம், லேபில் சரிசெய்யலாம் என்ற பேச்சே கிடையாது. இரண்டு நிமிடம் நாற்பத்தாறு விநாடி சிமெண்ட். இன்னும் வைத்திருக்கிறேன்.

(இதைப் படிக்கிற ஒளிப்பதிவாளர்கள் யாராவது சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் ஒரு சிமெண்ட் சுருள் இருந்திருக்கும்.)

இனிமேல் சொல்லப்போவதுதான், என்னைக் கேட்டால், அந்தக் கல்லூரிக்குப் போனதால் மட்டும் கிடைத்தது, ஃபிலிம் ஸ்கூல் போயிருந்தால் கிடைத்திருக்காது. ஆய்வகத்தோடு ஓர் அறிவியல் பாடம் கட்டாயம் என்றேன் இல்லையா, கணக்கு அதிகம் இல்லாததாகத் தேடி 'ஒலியின் இயற்பியல்' என்று ஒன்றில் சேர்ந்தேன். இசை மாணவர்களும் என்னை மாதிரி தப்பிக்கப் பார்ப்பவர்களும் சேருகிற பாடம். அதில் ஒருநாள் ஒலிபெருக்கிகள். ஆசிரியர் ஒரு பழைய இரும்புப் புனலைத் தூக்கிக்கொண்டு வந்தார். நம்ம மைக்செட் குழாய் சாட்சாத் அதேதான்! ஒஹையோவில் ஏதோ பழைய விளையாட்டு மைதானத்தில் கழற்றியதாம்.

அவர் கரும்பலகையில் போட்டது இவ்வளவுதான். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. நூறு ஹெர்ட்ஸ், விநாடிக்கு நூறு அதிர்வு, அதாவது மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துக் கனமான நாதம் மாதிரி, அதன் ஒரு அலையின் நீளம் மூன்றரை மீட்டர் பக்கம். இரண்டாயிரம் ஹெர்ட்ஸ் என்றால் பதினேழு சென்டிமீட்டர். அரை மீட்டர்கூட இல்லாத வாயை வைத்துக்கொண்டு இந்தப் புனலால் மூன்றரை மீட்டர் அலையை ஒழுங்காக வெளியே தள்ள முடியாது. அதனால் தாழ்ந்த சத்தமெல்லாம் செத்துவிடும், பாட்டு தகரம் மாதிரி கேட்கும். ஆனால் பேச்சில் எது என்ன சொல் என்று பிரித்துக்காட்டுவது வல்லின மெய்கள், ச, ட, த, ப எல்லாம், அவற்றின் சத்து பெரும்பாலும் ஆயிரத்திலிருந்து நாலாயிரம் ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. அதை இந்தப் புனல் பெருக்கிக் கொண்டுபோய்க் கொடுக்கும், அதுவும் ஒரே திசையில்.

எனக்கு அந்த இடத்தில் முதுகுத்தண்டு சிலிர்த்தது. வேப்பமரத்துக் குழாயில் பாட்டு ஏன் எப்போதும் தேய்ந்த மாதிரி இருக்கும், வசனம் மட்டும் ஏன் கண்மாய்க்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவர் காதில் அட்சரம் பிசகாமல் விழும் என்று யாருமே எனக்குச் சொன்னதில்லை, கேட்கத் தோன்றியதும் இல்லை. ஐம்பதுகளின் அடுக்குமொழி வசனம், எதுகை மோனையோடு, மெய்யெழுத்து மெய்யெழுத்தாக உதறி உதறிப் பேசும் பாணி, அதற்கும் ஊரெல்லாம் தொங்கிய குழாய்க்கும் ஏதாவது பொருத்தம் இருக்குமா? மேடைநாடகத்தில் மைக் இல்லாமல் பின்வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பதிலிருந்து வந்த பாணி அது, குழாய்க்காக யாரும் எழுதவில்லை. ஆனால் எழுதியது குழாயில் அட்டகாசமாகப் போயிற்று. என் இறுதியாண்டு ஆய்வுக்கான தலைப்பு அந்த இயற்பியல் ஆய்வகத்தில் கிடைத்தது. சினிமா வகுப்பில் கிடைக்கவில்லை.

அந்த ஆய்வுக்காகப் பழைய தமிழ்ப் படங்களைத் தோண்டிக்கொண்டிருந்தபோதுதான் எல்லிஸ் ஆர். டங்கனிடம் போய் நின்றேன். பெயர் முன்பே தெரியும், 'மீரா எடுத்த வெள்ளைக்காரர்' என்ற அளவில். அவர் பிறந்தது 1909இல், ஒஹையோவில் பார்ட்டன் என்ற ஊரில் என்று படித்ததும் கூகுள் மேப்பைத் திறந்தேன். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கிழக்கே காரில் இரண்டு மணி நேரம்!

அவர் கதையும் நான் செய்ததும் கண்ணாடியில் பார்த்த மாதிரி தலைகீழ். தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தவர். அங்கே சினிமாப் படிப்பு தொடங்கியதே 1929இல்தான், ஆக அவர் அந்தத் துறையின் ஆரம்பகால மாணவர்களில் ஒருவர். உடன் படித்த மாணிக்லால் டாண்டன் கூப்பிட, 1935இல் இந்தியா வந்தார். சில மாதம் இருந்துவிட்டுத் திரும்புவதாக யோசனை. 1950 வரை இருந்தார். 1936இல் சதி லீலாவதி, அதில்தான் எம்.ஜி.ஆர். முதன்முதலில் திரையில் வந்தார், டி.எஸ். பாலையாவும்கூட. பிறகு அம்பிகாபதி, சகுந்தலை, 1945இல் மீரா. இத்தனையும் தமிழ் தெரியாமல். பதினைந்து வருடம் இருந்தும் அவருக்குத் தமிழ் வரவில்லை. வசனம் சரியாக வருகிறதா என்று பார்க்கப் பக்கத்தில் வேறு ஆட்கள். அவர் சட்டகத்தைப் பார்த்தார்.

அதாவது, எனக்கு ஒன்பது நாள் எடுத்த வீட்டுப்பாடத்தை அந்த மனுஷன் பதினைந்து வருடம் செய்திருக்கிறார். அவருக்குச் சத்தத்தை அணைக்க வேண்டிய அவசியமே இல்லை, தமிழ் அவருக்கு வெறும் ஓசை. மீராவுக்காக எம்.எஸ். சுப்புலட்சுமியின் முகத்தைப் பிளாஸ்டரில் வார்த்து, அந்தச் சிலையின் மேல் விளக்கைத் திருப்பித் திருப்பி வைத்து எந்தக் கோணத்தில் நிழல் எப்படி விழுகிறது என்று ஒத்திகை பார்த்தார்களாம். ஊரே அந்தம்மா குரலைக் கேட்கக் காத்திருக்க, இவர் வாய் திறக்காத ஒரு சிலையை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார் என்பதை நினைக்க நினைக்க எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

இதைவிட வேடிக்கை மந்திரிகுமாரி. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், 1950. வசனம் மு. கருணாநிதி. காதால் கேட்பதற்கென்றே எழுதுகிற ஆளும் கண்ணால் மட்டுமே பார்க்க முடிகிற ஆளும் ஒரே படத்தில். டங்கன் படத்தை முடிக்கும் முன்பே கிளம்பிவிட, மீதியை டி.ஆர். சுந்தரம் எடுத்து முடித்தார். ஒரு ராத்திரி அந்தப் படத்தை இரண்டு முறை ஓட்டினேன். முதல் தடவை சத்தமில்லாமல். அடுத்த தடவை லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு, ஹெட்ஃபோனில் சத்தம் மட்டும். என் ஆய்வின் நடு அத்தியாயம் அந்த ஒரு ராத்திரிதான்.

பார்ட்டனுக்குப் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன். 2013 அக்டோபர் விடுமுறையில், அதே கரிக்கட்டை ரூம்மேட்டின் காரில். பெரிதாக ஒன்றும் இல்லை. மேடு, மரங்கள், நாலைந்து வீடு, நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்கே உரிய ஒரு களைப்பு. யாரிடம் என்னவென்று கேட்பது? 'இங்கே பிறந்தவர் ஒருவர் எங்கள் முதலமைச்சர் ஒருத்தரை முதன்முதலாகப் படம்பிடித்தார்' என்று கதவைத் தட்டியா சொல்ல முடியும்? ஆற்றைத் தாண்டி வீலிங் போனோம், அது மேற்கு வர்ஜீனியா, டங்கன் கடைசிக் காலம் வரை, 2001 வரை இருந்த ஊர். அங்கே 1849இல் கட்டிய தொங்குபாலம் ஒன்று இருக்கிறது, அப்போது கார் போக விட்டார்கள். பாலத்தின் மேல் டயர் ஓடும்போது ஒரு முனகல் சத்தம் வரும். கையில் ரிக்கார்டர் இருந்தது, ஐந்து நிமிடம் பதிவு செய்துகொண்டேன். எதற்கு என்று தெரியாமலேயே. ரூம்மேட் கேட்டான், "இவ்வளவு தூரம் வந்து ஒரு ஃபோட்டோகூட எடுக்கலையே?" எனக்கு அப்போதுதான் அது உறைத்தது.

சரி, திட்டுகிறேன் என்று சொன்னேனே. ஆய்வைச் சமர்ப்பித்தபோது மூன்று பேர் குழு. இரண்டு பேருக்குப் பிடித்திருந்தது. மூன்றாமவர் கேட்டார், "படத்தையே பார்க்காதவர்களைப் பற்றி எழுதியிருக்கிறாய், இது சமூகவியல், இதில் சினிமா எங்கே இருக்கிறது?" நியாயமான கேள்வி மாதிரித்தான் இருக்கும், ஆனால் எனக்குச் சுரீரென்றது. சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தால் அது சினிமாப் படிப்பு, படத்தை அணைத்துவிட்டுக் கேட்டால் சமூகவியலா? அந்த நான்கு வருடத்தில் நாங்கள் பார்த்த நூற்றுச் சொச்சம் படங்களில் இந்தியப் படங்கள் நான்கு. தமிழ் ஒன்றுகூட இல்லை. விடுதியில் நானே ஒருநாள் ஒரு தமிழ்ப் படம் போட்டேன், 'இடைவேளை' என்று எழுத்து வந்ததும் படம் முடிந்துவிட்டது என்று இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள், மிச்சப் பேர் சிரித்தார்கள். சின்ன இடம், நல்ல மனிதர்கள், ஆனால் அவர்களுடைய வரைபடத்தில் எங்கள் ஊர் வரையப்படவில்லை. வரைய வேண்டியது நம் வேலை என்று ஆகிவிடும், அதற்கு ஒவ்வொரு தடவையும் முதல் ஐந்து நிமிடம் அ, ஆவன்னாவிலிருந்து தொடங்க வேண்டும், அந்தக் களைப்பையும் கணக்கில் வைத்துக்கொண்டு போங்கள்.

இன்னொன்று, இதை யாரும் முன்னாலேயே சொல்ல மாட்டார்கள். படித்து முடித்ததும் மாணவர் விசாவில் வேலை பார்க்க எல்லாருக்கும் பன்னிரண்டு மாதம் உண்டு. அறிவியல், பொறியியல் ஆட்களுக்கு அதற்கு மேல் நீட்டிப்பு கிடைக்கும், இப்போது இன்னும் இரண்டு வருடம். சினிமாப் படிப்புக்கு அது கிடையாது. பன்னிரண்டு மாதத்தில் ஒரு அருங்காட்சியகத்தில் பழைய ஒலிநாடாக்களை டிஜிட்டலாக்கும் வேலை பார்த்தேன், முடிந்ததும் மூட்டையைக் கட்டினேன்.

சென்னை வந்து முதல் ஆறு மாதம் போன இடமெல்லாம் ஒரே கேள்வி: "யார்கிட்ட இருந்தீங்க?" அதாவது எந்த டைரக்டரிடம் உதவியாளராக. முப்பத்திரண்டு பாடத்தில் இதற்குப் பதில் கிடையாது. முர்னாவ் என்று சொல்ல முடியாது. கடைசியில் சாலிகிராமத்தில் ஒரு ஸ்டூடியோவில் டயலாக் எடிட்டிங்குக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். உட்காரவைத்து ஒரு காட்சியைப் போட்டு, எங்கே தப்பு இருக்கிறது சொல்லு என்றார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். "நாலாவது வரியில 'ப' விழல" என்றேன். அன்றிலிருந்து அங்கேதான் இருக்கிறேன். டிகிரிச் சான்றிதழை இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை. அது இன்னும் உறையிலேயே இருக்கிறது.

போன பங்குனிப் பொங்கலுக்குப் பாட்டி ஊருக்குப் போயிருந்தேன். பாட்டி இல்லை, போய் நாலு வருடம் ஆகிறது. வேப்பமரத்தடியில் ஆள் உயரத்துக்குப் பாக்ஸ் அடுக்கி வைத்திருந்தார்கள். வயிறு அதிர்கிறது. யாரோ ஆசைப்பட்டுக் கேட்டார்கள் போல, நடுவில் பத்து நிமிடம் தருமி வந்தார். நான் நடந்து கண்மாய்க்கரைக்குப் போய் நின்றேன். தும் தும் என்று ஏதோ வருகிறது, பேச்சில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. திரும்பி வந்து மைக்செட்காரரிடம், அவர் பழைய மைக்செட்காரரின் மகன், அந்தக் காலத்துக் குழாய் எல்லாம் என்ன ஆச்சு அண்ணே என்று கேட்டேன். "பரண்ல கெடக்கு தம்பி. ஒனக்கு எதுக்கு?" என்றார். முந்நூறு ரூபாய் கொடுத்து ஒன்றை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே சென்னை வரைக்கும் வந்தேன். இப்போது சாலிகிராமம் வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. ஒரு பழைய அஹுஜா ஆம்ப்ளிஃபயர் பார்த்து வைத்திருக்கிறேன், அடுத்த மாதச் சம்பளத்தில் வாங்கிவிடுவேன். ஹவுஸ் ஓனருக்கு இன்னும் தெரியாது.